பழைய கடற்படை மரப்படகை மீட்டெடுத்துப் பாய் விரிப்பது: கொழும்பில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மட்டக்குளியில் ஒரு கொட்டிலுக்குள் அந்தப் படகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். 14 அடி நீளம். மேலே நீலம், அதற்குக் கீழே பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் கடற்படைச் சாம்பல் நிறம். துடுப்புப் பூட்டும் வெண்கலத் தகட்டைச் சுரண்டியபோது மூன்று கோடுகள் கூடிய சிறிய அம்புக்குறி தெரிந்தது. பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கு அந்த நாளில் குத்திய முத்திரை அது. 1957 வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. நம்முடைய சொந்தக் கடற்படை 1950 டிசம்பர் 9ஆம் திகதி தொடங்கியது. அந்தக் காலத்துப் படகு ஒன்று உங்கள் கண்ணிலும் பட்டால் விறகாகப் போக விடாதீர்கள். என் படகுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் எடுத்தது. அதில் கற்றதை, பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

இது என்ன கட்டு என்று முதலில் பாருங்கள்

நம் பக்கத்துப் பெரிய படகுகளில் பலகையின் விளிம்போடு விளிம்பைச் சேர்த்து, நடுவில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். கடற்படையின் சிறுபடகுகள் பல அப்படியல்ல. கூரைக்கு ஓடு வேய்வது போல ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின் மேல் ஏறி நிற்கும். இதற்குக் கிளிங்கர் கட்டு என்று பெயர். ஏறி நிற்கும் விளிம்புகளை செப்பாணிகள் பிடித்திருக்கும். உள்ளே மெல்லிய வங்குகள் விலா எலும்பு போல வளைந்து போகும்.

இந்தப் பலகைகளுக்கு நடுவில் பசையும் கிடையாது, பஞ்சும் கிடையாது. தண்ணீரில் இறக்கியதும் மரம் ஊறி வீங்கும். விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கும். அதோடு ஒழுக்கு நிற்கும். கரைக்கு ஏற்றினால் காய்ந்து சுருங்கும். இந்த அசைவுதான் படகின் உயிர். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையிலும் இதை நினைவில் வைத்திருங்கள். ஒழுகுகிறது என்று விளிம்புக்குள் பஞ்சு அடித்தால் பலகை பிளந்து ஆணி தளரும். வெளியே பைபர்கிளாஸ் போர்த்தினால் கொஞ்சக் காலம் அழகாக இருக்கும். பிறகு உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல், யாருக்கும் தெரியாமலே மரம் உக்கிவிடும். பைபர்கிளாஸ் போர்த்திய பழைய மரப்படகை விலை குறைவு என்று வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வாங்குமுன் குத்திப் பாருங்கள்

கூர்மையான சிறு ஸ்குரூ ட்ரைவர், ஒரு காந்தம், நல்ல டோர்ச். இவ்வளவும் போதும். மரத்தை லேசாகக் குத்துங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. உக்கிய மரம் நனைந்த பிஸ்கட் மாதிரி இறங்கும்.

எங்கே குத்துவது? மழைத்தண்ணீர் தேங்கும் இடங்களில்தான். பின்பலகையின் இரண்டு மூலைகள், அணியத்தின் (படகின் முன்முனை) அடி, இருக்கைப் பலகையைத் தாங்கும் முழங்கைகளின் கீழ்ப்பக்கம், நடுக்கத்திப் பெட்டி ஏராவோடு சேரும் இடம். ஏரா என்பது படகின் அடியில் முழு நீளத்துக்கும் ஓடும் முதுகெலும்பு மரம். நடுக்கத்தி, படகு பக்கவாட்டில் சறுக்காதபடி நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை; அது ஏறி இறங்கும் கூடுதான் பெட்டி. படகைக் கெடுப்பது கடல் தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது. நல்ல தண்ணீர்தான் அதற்கு விருந்து. மரத்தில் ஈரம் 20 வீதத்தைத் தாண்டினால் அது வளரத் தொடங்கும். கொழும்பின் ஈரக்காற்றில் கூரை இல்லாமல் இரண்டு மழைக்காலம் கிடந்த படகு, இருபது வருடம் கடலில் ஓடிய படகைவிட மோசமாக இருக்கலாம்.

காந்தத்தை ஒவ்வொரு ஆணிக்கும் திருகாணிக்கும் கிட்டக் கொண்டுபோங்கள். செம்பும் வெண்கலமும் ஒட்டாது. ஒட்டினால் யாரோ இடையில் இரும்பு அடித்திருக்கிறார்கள்; அதைச் சுற்றிய மரம் கறுத்து இறந்திருக்கும். பித்தளைத் திருகாணியிலும் கவனம் வேண்டும். உப்புத் தண்ணீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், செந்நிறமாக மாறி, தொட்டவுடன் முறியும். கறையான் மண்புற்று இருக்கிறதா என்றும், ஏராவின் அடியில் கப்பல் புழுவின் துளைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தாறு வங்கு முறிந்திருப்பது சாதாரணம். இரண்டு மூன்று பலகை வெடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். ஏராவும் அணியத்து மரமும் உக்கியிருந்தால் அது புதுப்படகு கட்டும் வேலை. அதற்குத் துணிவும் காசும் இருக்கிறதா என்று ஒரு கிழமை யோசித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வடிவத்தைக் கட்டிப் போடுங்கள்

நான் விட்ட பெரிய பிழை இங்கேதான். படகு வந்த முதல் ஞாயிறே ஆசையில் இருக்கைப் பலகைகளைக் கழற்றிவிட்டேன். மூன்று நாளில் படகின் வாய் இரண்டு அங்குலம் அகன்றுவிட்டது. இருக்கைகள் உட்காருவதற்கு மட்டுமல்ல, இரண்டு பக்கத்தையும் பிடித்து வைப்பவையும் அவைதான். கயிறு கட்டி, முறுக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவர ஒரு மாதம் போனது.

ஆகவே எதையும் கழற்றுமுன் ஏராவை நேரான மரக்கட்டைகளில் முழு நீளத்துக்கும் தாங்கி வையுங்கள். முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் அகலத்தை அளந்து சுவரில் எழுதுங்கள். அந்த மூன்று இடத்திலும் மலிவான பிளைவுட்டில் உள்வடிவத்துக்கு அச்சு வெட்டி இறுக்குங்கள். படங்களைத் தாராளமாக எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு துண்டிலும் இடம், வலம், எண் எழுதுங்கள். உக்கிய துண்டையும் எறிய வேண்டாம், புதியதற்கு அதுதான் அச்சு.

கூரையும் நிழலும் கட்டாயம். ஏப்ரல் வெயிலில் சீமெந்துத் தரையில் கிடந்தால் நல்ல பலகையும் வெடிக்கும். நான் படகின் அடியில் நனைத்த சாக்குகளைப் போட்டு வைத்தேன்.

பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும்

அந்தக் காலப் பெயின்ற்றில் ஈயம் சேர்ப்பது வழக்கம். உங்கள் படகிலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெஷினால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது, நெருப்பால் சுடவும் கூடாது. தூளும் புகையும் நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, சுரண்டியால் இழுத்து எடுங்கள். முகத்தோடு இறுகப் பொருந்தி நுண்தூசை வடிகட்டும் மாஸ்க் (P100 போன்றது) போடுங்கள். துணி மாஸ்க் இதற்குக் காணாது. கீழே பொலித்தீன் விரித்துச் செதில்களை ஒன்றும் விடாமல் பொறுக்குங்கள். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு தோய்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளைக் கொட்டில் பக்கம் விடவே வேண்டாம்.

மரம்

பழைய படகில் என்ன மரம் என்று சரியாகத் தெரியாவிட்டாலும், அதே எடையும் இறுக்கமும் உள்ள மரம் கிடைத்தால் போதும். பலகைக்குத் தேக்கு அல்லது மஹோகனி. வங்குக்கு என் தெரிவு சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் இதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். சாராயத்தை முதிர வைக்கும் பீப்பாய்கள் செய்வதும் இதில்தான். இழை நேரானது, முறியாமல் வளையும். பாய்மரத்துக்கு நம் முன்னோர் தேடியது புன்னை. நேரான, முடிச்சு இல்லாத துண்டு கிடைத்தால் இன்றும் அது நல்ல தெரிவு.

மரக்காலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது காற்றில் உலர்ந்ததா, சூளையில் உலர்ந்ததா என்பது. சூளையில் உலர்ந்த மரம் ஆவியில் வளையாமல் முறியும். மொரட்டுவையில் தளபாட வேலை நடக்கும் பக்கம் தேடினால், உங்கள் அளவுக்கு மெல்லியதாக அறுத்துத் தரும் பாஸ்மார் கிடைப்பார்கள். மற்றச் சாமான்கள் பெரும்பாலும் பழைய சோனகத் தெருவில் உண்டு. சதுரத் தண்டுள்ள செப்பாணியும் அதற்கான செப்பு வளையமும் மட்டும் எனக்கு இங்கே கிடைக்கவில்லை. லண்டனில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தார்.

வங்கு வளைத்தல்

பிளைவுட்டில் ஆறடி நீளப் பெட்டி ஒன்று செய்து, அதன் அடியில் ஆவி போகும் குழாயைச் செருகுங்கள். கொதிக்கும் தண்ணீருக்கு மூடிய தகரம், அதற்குக் கேஸ் அடுப்பு. தகரத்தை முழுக்க அடைக்காதீர்கள். ஆவி பெட்டி வழியாக வெளியேற வழி இருக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்பது கணக்கு. என் வங்குகள் அரை அங்குலம். அரை மணித்தியாலத்தில் பதமாகின.

பெட்டியைத் திறந்ததும் ஓட வேண்டும். தடித்த கையுறையோடு எடுத்து, அடிநுனியை ஏராவில் வைத்து, காலால் அமத்திக்கொண்டே மேலே வளைத்துக் கிளாம்ப் போடுங்கள். சில விநாடிகளில் மரம் விறைக்கத் தொடங்கும். மூன்றில் ஒன்று முறியும் என்று எதிர்பார்த்து மேலதிகமாக அறுத்து வையுங்கள்.

எல்லா வங்கையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றுங்கள். அப்போதுதான் படகு தன் வடிவத்தை மறக்காது.

பலகையும் செப்பாணியும்

வெடித்த பலகையை முழுதாக மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, சாய்வு வெட்டில் புதுத்துண்டைப் பொருத்தலாம். சாய்வின் நீளம் பலகைத் தடிப்பின் எட்டு மடங்காவது இருக்கட்டும். என் பலகை 9 மில்லிமீற்றர்; ஆகவே 72 மில்லிமீற்றர் சாய்வு. வெளியே தெரியும் மெல்லிய விளிம்பு படகின் பின்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் தண்ணீர் அதைக் கிளப்பும். இந்தச் சாய்வு வெட்டுக்கு மட்டும் இப்பொக்சி பூசலாம். பலகையும் பலகையும் ஏறும் இடத்தில் பூசக் கூடாது.

பழைய ஆணியைப் பிடுங்க வேண்டாம். உள்ளே வளையத்தின் மேல் விரிந்திருக்கும் தலையைத் தேய்த்தெடுத்து, வெளியே தட்டிவிடுங்கள்.

புதிய ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆணியின் தடிப்புக்கு ஏறக்குறையச் சமமான துளை போடுங்கள். முதலில் வேண்டாத துண்டில் அடித்துப் பாருங்கள். வெளியிலிருந்து ஆணியை அடித்து, உள்ளே நுனியில் வளையத்தைச் செருகி இறக்குங்கள். மிச்சத்தை வளையத்துக்கு மேல் ஒன்றரை மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். ஒருவர் வெளியே ஆணித்தலையில் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே உருண்டைத்தலைச் சுத்தியலால் மெதுமெதுவாகத் தட்டி விரிக்க வேண்டும்.

இந்த வேலையை எனக்குக் காட்டித் தந்தவர் முகத்துவாரத்தில் இருக்கும் படகு கட்டும் வயதான ஓடாவி ஐயா ஒருவர். ஊர் வடமராட்சி. நான் ஓங்கி அடித்ததைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, பலத்தைக் காட்டாதேங்கோ. சத்தத்தைக் கேளுங்கோ." முதலில் தொளதொளவென்று மந்தமாகக் கேட்கும். ஆணி இறுகியதும் சத்தம் தெளிவாக மாறும். அதோடு நிறுத்த வேண்டும். மேலும் அடித்தால் ஆணி உள்ளே வளைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாயிலேயே போன அன்னபூரணி என்ற கப்பல் அவருடைய பக்கத்து ஓடாவிகளின் கைவேலை. அந்தக் கையறிவு இன்னும் சிலரிடம் இருக்கிறது. தேடிப் போய்க் கேளுங்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள்.

பூச்சு

வெளியே பிரைமர், இடைப்பூச்சு, எனாமல். உள்ளே பெயின்ற்றை அடர்த்தியாகப் போட வேண்டாம். மரம் மூச்சு விடட்டும். ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசினால் கொழும்பு ஈரத்தில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அதில் டர்ப்பன்டைன் கலந்து மெல்லியதாகப் பூசி, காய விட்டு, திரும்பவும் பூசுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவே கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

வார்னிஷ் பூசும் மரங்களுக்கு ஆறு பூச்சாவது வேண்டும். நம் வெயில் அதற்குக் குறைந்ததை ஒரே வருடத்தில் உரித்துவிடும்.

ஊற விடுங்கள்

முதல் முறை தண்ணீரில் இறக்கும் நாளில் பாயைக் கொண்டுபோகவே வேண்டாம். படகு ஒழுகும். நன்றாகவே ஒழுகும். என் படகு முதல் மணித்தியாலத்தில் இருக்கை மட்டத்துக்கு நிரம்பியது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆழம் குறைந்த, அலையில்லாத இடத்தில் கட்டி, நிரம்ப விட்டு, இறைத்து, திரும்ப நிரம்ப விட்டு, மூன்று நாள் பொறுங்கள். நாலாம் நாள் காலை போனபோது அடியில் ஒரு வாளித் தண்ணீர்தான் இருந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

ட்ரெய்லரில் வைத்தபடி படகை நிரப்பி ஊற வைக்க நினைக்காதீர்கள். ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன். நீங்கள் மாற்றிய வங்குகள் எல்லாம் மீண்டும் முறியும். உள்ளே நனைந்த சாக்குப் போதும்.

மூன்று நாளுக்குப் பிறகும் ஒரே இடத்தில் ஒழுகினால் முதலில் நடுக்கத்திப் பெட்டியின் அடியைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

பாயும் கயிறும்

இப்படிப்பட்ட படகுகளில் குட்டையான பாய்மரமும், அதன் மேல் ஏறக்குறைய நேராக நிமிர்ந்து ஏறும் பருமலும் (பாயின் விளிம்பைத் தாங்கும் மரம்) இருக்கும். இறக்கினால் எல்லா மரமும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். துடுப்புப் போடவும் இடம் கிடைக்கும். பழைய பருத்திப்பாய் உக்கியிருந்தாலும் எறிய வேண்டாம், அதை விரித்து அளவெடுத்துப் புதிய செயற்கை இழைப்பாய் தைப்பிக்கலாம். பாயைச் சுருக்கிக் கட்டும் கயிற்று வரிசை இரண்டு கட்டாயம் வையுங்கள்.

பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். தாமானை எக்காரணத்துக்கும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். திடீர்க் காற்றில் கையிலிருந்து அதை விட முடிந்தால் படகு நிமிரும். கட்டியிருந்தால் கவிழும்.

பழைய கடற்படைப் படகில் மிதப்புப் பை கிடையாது. தண்ணீர் நிரம்பினால் மரம் என்பதால் தாழாது, ஆனால் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். இறைத்து முடிக்க முடியாது. காற்றடைத்த பைகளை இருக்கைகளுக்குக் கீழே இறுக்கிக் கட்டுங்கள். இதில் மட்டும் பழைமையைப் பார்க்க வேண்டாம்.

எங்கே, எப்போது

பேரை வாவியில் கட்டடங்களுக்கு நடுவே காற்று சுழன்று சுழன்று வரும். பாய் பழக அது சரிவராது. பொல்கொடை ஏரிதான் நல்ல பள்ளிக்கூடம். அகலமான நீர்ப்பரப்பு, பெரிய அலை இல்லை, படகுக் கழகமும் உண்டு. முதலை இருக்கும் ஏரி என்பதால் கரையோரப் பற்றைகளுக்குக் கிட்டப் போக வேண்டாம்.

கடலுக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை. வாடைக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். அதிகாலையில் தரைக்காற்று கடல் பக்கம் வீசும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கரை பக்கம் திரும்பும். நீர்கொழும்பு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் விரித்துக் காலையில் போய் மத்தியானம் திரும்பியது இந்தக் கணக்கில்தான். ஆனால் உங்களுக்குத் தரைக்காற்று ஆபத்து. அது திரும்பாவிட்டால் நீங்கள் வெளியே போய்க்கொண்டே இருப்பீர்கள். முதல் வருடம் கடற்காற்று தொடங்கிய பிறகே இறங்குங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோழகம், அதாவது தென்மேல் பருவக்காற்று. அந்தக் கடலில் 14 அடிப் படகுக்கு வேலையில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் வரும். பாய்மரத்துக்கு அடியில் இருந்து மின்னல் பார்க்கும் நிலை வேண்டாம், அந்த மாதங்களில் ஏரியில் என்றாலும் மத்தியானத்துக்குள் கரையேறிவிடுங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்கு வெளியிடும் கடல் வானிலையை அன்றைக்கே பாருங்கள். துறைமுகத்தை அண்டிய கடல் பாதுகாப்புப் பகுதி, அந்தப் பக்கம் அனுமதியின்றிப் போகக் கூடாது. எங்கே இறங்கினாலும் கரையோரக் காவலிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஓட்டம்

படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பாயை ஏற்றுங்கள். ஏற்றியதும் தள்ளி, நடுக்கத்தியை இறக்கி, காற்று பக்கவாட்டில் வரும்படி திருப்புங்கள். தாமானை பாயின் படபடப்பு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் வேகம் குறையும், சாய்வு கூடும்.

புதிய பந்தயப் படகு மாதிரி இது காற்றை எதிர்த்து ஏறாது. காற்றுக்கு 50 பாகை அளவில் விட்டு, வேகத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகக் குறுக்கு மறுக்காகப் போங்கள். திரும்பும்போது சுக்கானை ஒரேயடியாக வெட்டினால் பாரமான படகு நடுவழியில் நின்றுவிடும். வேகம் எடுத்து, அகலமாகத் திருப்புங்கள். காற்று பின்னால் இருக்கும்போது பாய் பக்கம் மாறும் நேரம்தான் அதிகம் கவிழ்வது. தலையைக் குனிந்து, தாமானை முதலில் உள்ளே இழுத்து வைத்து, பிறகு மாற்றுங்கள்.

பாயைச் சுருக்கலாமா என்று மனதில் ஒரு முறை தோன்றினால் உடனே சுருக்குங்கள். உயிர்காப்பு அங்கியும், கயிற்றில் கட்டிய வாளியும், ஒரு சோடித் துடுப்பும் இல்லாமல் நான் இறங்குவதில்லை. ஒரு நாளாவது ஆழம் குறைந்த இடத்தில், ஆட்கள் கூட நிற்க, வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகுங்கள்.

கரைக்கு வந்தபின்

கடலில் ஓடிவிட்டு வந்தால் உள்ளே கடல்தண்ணீராலேயே கழுவி மண்ணை வெளியேற்றுங்கள். வெண்கலச் சாமானையும் பாயையும் மட்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அடியிலுள்ள அடைப்பைக் கழற்றி, அணியம் சற்று உயர்ந்திருக்கும்படி வையுங்கள். மழைக்குத் தார்பாய் போடும்போது படகோடு ஒட்டப் போர்த்தாமல், நடுவில் ஒரு மூங்கிலைக் கட்டிக் கூடாரம் போல உயர்த்தி, இரண்டு நுனியையும் திறந்து விடுங்கள். மாரி காலத்தில் கிழமைக்கு ஒருமுறை போய்க் கையை உள்ளே விட்டு, பின்பலகை மூலைகள் ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.